நல்ல காலைத் தொட்டுப் பார்க்கிறவள்

துரத்திவிட்டார்களாம்! யார் சொன்னது? மூன்றாவது வீட்டு இஸ்திரிக்காரி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னது? பால்காரர். பால்காரருக்கு? அதைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்கிறாள் ஒருத்தி. கைராசி போய்விட்டது, அதனால் சீட்டைக் கிழித்தார்கள் என்கிறார் இன்னொருத்தர். இவர்களில் ஒருவர்கூட லாயத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. குதிரைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று காட்டச் சொன்னால் வால் இருக்கும் பக்கம் போய் நின்று உதை வாங்குவார்கள். குதிரைக்காரியை யாரும் துரத்தவில்லை. நடந்ததைச் சொன்னால் இவர்கள் வாய் மூடுமா என்றால், மூடாது. மூடாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

குதிரைக்காரி என்பது தெரு வைத்த பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், விடிவதற்குள் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிப் போவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள்தான் இவர்கள். பந்தயக் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வேலையில் சேர்ந்தவள், சேணம் ஏறி ஓட்டிப் பழக்குகிறவளானாள். அப்புறம் குதிரையைத் தயார் செய்து பந்தயத்துக்கு அனுப்பும் டிரெய்னரே ஆகிவிட்டாள். அவள் அனுப்பிய குதிரை முதல்முறை ஜெயித்தபோது அதே பெயரை மரியாதையாகக் கூப்பிட்டார்கள். 'நம்ம குதிரைக்காரி' என்றார்கள். ஜெயிப்பு நின்றதும் அந்த 'நம்ம' எங்கே போனதோ தெரியவில்லை.

அவள் வேலை பார்க்கும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பொழுது விடியும் நேரத்தில் லாயத்துக்குப் போனதும் ஒவ்வொரு கொட்டடியாக நுழைவாள். குதிரையிடம் ஏதாவது பேசிக்கொண்டே குந்தி உட்காருவாள். புறங்கையை முழங்காலுக்குக் கீழே வைத்துக் குளம்புவரை மெதுவாக இறக்குவாள். உள்ளங்கை உழைத்துக் காய்த்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. புறங்கைக்குத்தான் சூடு தெரியும். காலில் சூடு இருந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். இது எல்லா லாயத்திலும் செய்வதுதான். ஆனால் அடிபட்டு வந்த குதிரையாக இருந்தால் எல்லோரும் அடிபட்ட காலைத் தொடுவார்கள். இவள் முதலில் நல்ல காலைத் தொடுவாள். கட்டுப் போடுவதும் நல்ல காலுக்குத்தான் முதலில்.

இதை வைத்துத் தெருவில் எத்தனை சிரிப்பு! அவள் புருஷன் மின்விசிறி, மோட்டார் பழுது பார்க்கிறவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். அவரே சொல்வார்: "முட்டி வலிக்குதுடின்னு சொன்னா, வலிக்காத முட்டியைத் தடவிட்டு, இது நல்லா இருக்கு, பயப்படாதீங்கன்னுட்டுப் போறா. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

சிரிக்கட்டும். காரணம் அவளுக்குத் தெரியும். டிரெய்னரான புதிதில் ஒரு செம்பட்டைப் பெண்குதிரை காலில் அடிபட்டு வந்தது. குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டாள். அடிபட்ட காலைத் தினமும் தொட்டாள், குளிரவைத்தாள், கட்டினாள். கால் ஆறியது. முதல்முறையாக வேகமாக ஓடவிட்ட அன்றைக்கு உடைந்தது மற்ற கால். நோகிற காலைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பாவப்பட்ட ஜீவன் அத்தனை நாளும் பாரத்தையெல்லாம் நல்ல காலில் போட்டு நின்றிருக்கிறது. அந்தக் காலை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அவளும்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவள், மறுநாள் எழுந்ததிலிருந்து நல்ல காலைத்தான் முதலில் தொடுகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, ராசி போன கதைக்கு வருவோம். ஒரு சீசன் முழுக்க அவள் குதிரை ஒன்றுகூட முதலாவதாக வரவில்லை. வாஸ்தவம். எப்படி வரும்? லாயத்து முதலாளி துணிக்கடைக்காரர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பக்கத்து லாயங்களில் நொண்டியது, நரம்பு கிழிந்தது, இனி தேறாது என்று ஒதுக்கியதையெல்லாம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடித்துவந்து இவள் தலையில் கட்டினார். தேற்றுவது ஒரு வேலை, ஜெயிப்பது ஒரு வேலை. தேறாத குதிரையை வைத்துக்கொண்டு ஜெயிக்கவில்லையே என்று கேட்டால், சமைக்காத வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு சாப்பாடு ருசியில்லை என்று சொன்னமாதிரிதான்.

அப்படி வந்ததுதான் சுழியன். நெற்றியில் ஒரு சுழி இருப்பதால் அந்தப் பெயர். இடது முன்னங்காலில் தசைநார் கிழிந்து, வாழைக்காய் மாதிரி வீங்கி வந்தது. வேறு யாராக இருந்தாலும் கைகழுவியிருப்பார்கள். இவள் கையில் பிடித்து நடக்க வைத்தாள். நடை என்றால் வெறும் நடை, மாதக்கணக்கில். குதிரையோடு குதிரையாகச் சந்தையில் காய் வாங்குகிறவள் மாதிரி அவள் நடப்பதைப் பார்த்து மற்ற லாயத்து ஆட்கள் கத்துவார்கள்: "அக்கா, பந்தயத்துக்கா, பேரனைப் பள்ளிக்கூடத்துல விடவா?"

"உன் குதிரையும் ஒருநாள் என்கிட்டதான்டா வரும். அப்ப உன்னையும் சேத்து நடக்க வைக்கிறேன்" என்பாள்.

நடை முடிந்து நீச்சல். நீச்சல் முடிந்து மணலில் துள்ளு நடை. அப்புறம் மெதுவான ஓட்டம். கெட்டித்தரையில் நேராக ஓடவிட்டு எதிரே நின்று பார்ப்பாள். நோகிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரையின் தலை தானாக மேலே தூக்கும். சுழியனின் தலை தட்டில் வைத்த தண்ணீர்போல அசையாமல் வந்தது. குதிரை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தசைநார் அருமையாகக் கூடிவிட்டது என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. புது சீசனின் முதல் பந்தயத்துக்கே பெயர் கொடுத்துவிட்டு, சொந்தபந்தம் எல்லோரையும் வரச்சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஒரு காலையில்தான் அவள் புறங்கை வலது முன்னங்காலில் நின்றது. நல்ல காலில் லேசான சூடு. பால் ஆறிய பிறகு டம்ளரில் இருக்குமே, அந்த அளவு.

முதலாளி காரை விட்டு இறங்குவதற்குள் போய் நின்றாள்.

"ஐயா, இந்த வாரம் அவன் ஓட வேண்டாம்."

"ஏம்மா? டாக்டர்தான் சரியாயிருச்சுன்னுட்டாரே!"

"அந்தக் கால் சரிதான். நான் சொல்றது வலது கால்."

"நல்ல காலா?" முதலாளி குனிந்து தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"பட்டுல ஒரு இழை மாறினா உங்க விரலுக்குத் தெரியுதுல்ல, எனக்குத் தெரியுமா? அந்தமாதிரிதான் இதுவும்."

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பொறுமைசாலி. வலது காலையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல எதுவும் தெரியல. அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லமாட்டேன். ஆரம்பமா இருந்தா ஸ்கேன்ல வராம கையில படலாம்."

"ஓடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர்."

"குதிரைக்கு ஒரே வார்த்தை கிடையாது சார்."

ஆக, அவளுக்குச் சாட்சி அவள் புறங்கைதான். வேறு எதுவும் இல்லை. முதலாளியின் முகம் சிவந்தது.

"போன சீசன் பூரா ஒண்ணும் இல்ல. நாலு பேரு என்னைப் பாத்துச் சிரிக்கிறான். மொத்தக் குடும்பமும் வந்து உட்காரப் போகுது. இப்பப் போய்ச் சூடு, குளிருன்னா? ஓட்ட முடியாதுன்னா சொல்லு, ஓட்டறதுக்கு வேற ஆளு இருக்கான்."

லாயமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவள் தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டாள்.

"வேற ஆளு வரட்டும் ஐயா, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா சுழியனோட முதல் ஓட்டம் என் பொறுப்பு. நான் சொல்ற அன்னிக்கு ஓடுவான். ஓடின மறுநாள், அவன் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, நானே போயிடறேன். நீங்க போன்னு சொல்ற சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம்."

"சரி" என்றார் முதலாளி, கோபத்தில். சொன்ன வேகத்தில் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டார். "தோத்தா போறேன்னு சொன்னா ஒரு நியாயம். ஜெயிச்சாலும் போறேன்னு உலகத்துல எவளாவது சொல்லுவாளா?"

"தோத்தாதான் போவேன்னா, பயத்துல ஓட்டுவேன். ஜெயிச்சா இருப்பேன்னா, ஆசையில ஓட்டுவேன். ரெண்டும் இல்லாம இருந்தாத்தான் அவன் காலை மட்டும் பாப்பேன்."

"அப்புறம் என்ன செய்யறதா உத்தேசம்?"

"ஒரு காலைத் தொட்டுப் பாக்கறதுக்கு இவ்வளவு சண்டைன்னா, தினமும் சண்டை போடணும். கோபத்துல என் கை கொதிச்சா, குதிரைக் கால் சூடு எப்படிங்க தெரியும்? சின்னதா ஒரு இடம் புடிக்கணும். நொண்டினது மட்டும் வரட்டும். வரும் பாருங்க."

அவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "நொண்டினது மட்டும்தானே? அப்ப என் முட்டிக்கும் ஒரு கொட்டடி போட்டு வை" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் பந்தயம் சுழியன் இல்லாமலே நடந்தது. முதலாளியின் சொந்தக்காரர்கள் வந்து, யாரோ ஒருத்தர் குதிரை ஜெயிப்பதைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். தெரு அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் காதில் விழாமலா இருக்கும்? அவள் பாட்டுக்கு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு சுழியனின் வலது காலில் குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டு நின்றாள். ஓட்டத்தைக் குறைத்து மறுபடி நடையில் ஆரம்பித்தாள். சூடு தேய்ந்து தேய்ந்து ஒருநாள் காணாமல் போனது. அதற்குப் பிறகும் அவள் அவசரப்படவில்லை. முதலாளி வருவார், தூரத்தில் நின்று பார்ப்பார், கிளம்பிப் போவார்.

கடைசியில் அவளே ஒருநாள், "ஐயா, வர்ற பந்தயத்துக்குப் பேரு குடுத்துடுங்க" என்றாள்.

பந்தயத்தன்று ஜாக்கியை ஏற்றிவிடும்போது சொன்னாள்: "அவன் தலை ஒருதடவை தூக்கினாலும் இழுத்து நிறுத்திடு. முதல்ல வந்துட்டு இருந்தாலும் நிறுத்திடு."

"அக்கா, முதலாளி என்னைக் கொன்னுடுவாரு."

"நான் சொன்னேன்னு சொல்லு. நாளைக்கு நான் இங்க இல்ல, என்னைத் தேடித்தான் திட்டணும்."

எல்லோரும் யார் முன்னால் என்று பார்த்தபோது அவள் சுழியனின் தலையை மட்டும் பார்த்தாள். வளைவு வரைக்கும் நடுக்கூட்டத்தில் சாதுவாக வந்தது. நேர்பாதையில் ஜாக்கி கையைத் தளர்த்தினான். அப்புறம் அதைப் பிடிக்க ஆள் இல்லை. பக்கத்துக் குதிரை விடாமல் ஒட்டி வந்தது. கோட்டைத் தாண்டும்போது சுழியனின் கழுத்து முன்னால் இருந்தது. தலை ஒருதடவைகூடத் தூக்கவில்லை. முதலாளி யார் எவர் என்று பார்க்காமல் எதிரே வந்தவர்களையெல்லாம் கட்டிப் பிடித்தார்.

அவள் குதிக்கவில்லை. எல்லோரும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குதிரையைக் குளிரவைத்து நடத்திக்கொண்டிருந்தாள். பந்தயம் கோட்டில் முடிவதில்லை. ஓட்டத்தின் உடம்புச் சூட்டில் எல்லாக் காலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; வீங்குவதானால் ஓய்ந்து நின்ற பிறகுதான் வீங்கும். மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு.

மறுநாள் குந்தி உட்கார்ந்தாள். வலது கால், கிணற்றங்கரைக் கல்லைப்போல ஜில்லென்று இருந்தது. இடது காலும் அப்படியே. திரும்ப ஒருதடவை, சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

முதல் பந்தயத்திலேயே ஓடவிட்டிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்று இஸ்திரிக்காரி இப்போதும் சொல்கிறாள். ஜெயித்திருக்கலாம். மறுநாள் காலையில் எந்தக் காலில் நின்றிருக்கும் என்று அவள் சொல்லட்டும்.

முதலாளி மாலையோடு வந்தார். மாலை குதிரைக்கு. முகமெல்லாம் பல்.

"என்னம்மா, சாமானையெல்லாம் எடுத்து வைக்கிற? அது ஏதோ கோபத்துல சொன்னது. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு!"

"நீங்க கோபத்துல சொன்னீங்க ஐயா. நான் யோசிச்சுத்தான் சொன்னேன்."

"இனிமே உன் இஷ்டம். நான் வாயே திறக்கமாட்டேன்."

"திறப்பீங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "உங்க குதிரை, உங்க ஆசை. திறக்காம இருக்க முடியாது. தப்புன்னு சொல்லல."

அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இவனை விட்டுட்டுப் போயிடுவியா?"

அது சுருக்கென்று தைத்தது. தைக்கவில்லை என்று சொன்னால் பொய். நடந்து நடந்து தேற்றிய குதிரை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே காதை நிமிர்த்தும். அவள் சுழியனைப் பராமரிக்கும் லாயக்காரனைக் கூப்பிட்டாள். அவன் கையைத் திருப்பிப் புறங்கையை வலது காலில் வைத்து, "இது ஜில்லுனு இருக்குல்ல? இதை ஞாபகம் வச்சுக்கோ. மாறினா முதலாளிகிட்ட சொல்லு. அவரு கேக்கலேன்னா எனக்குச் சொல்லி விடு, நான் வந்து அவர்கிட்ட சண்டை போடறேன்" என்றாள். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் போனபோது குதிரை கண்ணீர் விட்டது என்று ஒரு கதை உலாவுகிறது. அதுவும் புளுகு. சுழியன் தீனித்தொட்டியில் முகத்தைப் புதைத்து மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தது; தலையைக்கூடத் தூக்கவில்லை. தின்கிற குதிரை சுகமாக இருக்கிற குதிரை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நெஞ்சு லேசானது. தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் நின்றவர்களிடமெல்லாம் "வரேன்" என்று சொல்லிக்கொண்டு, லாயத்தின் பெரிய கதவைத் தானே இழுத்துத் திறந்து, நல்ல வெயிலில் தெருவில் இறங்கி நடந்தாள்.