புக்கிட் தீமாவுக்கு நான் போட்ட திட்டம்

புக்கிட் தீமாவை மலை என்று சொன்னால், தமிழ்நாட்டிலிருந்து எங்கள் தீவுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். உச்சிவரை சாலை போட்டிருக்கிறார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள்கூட விளையாடிக்கொண்டே ஏறிவிடுவார்கள். அதில் ஏறுவதற்குத்தான் நான் ஒரு மாதம் திட்டம் போட்டேன்.

எல்லாம் எதிர்வீட்டு அக்காவுக்காக. கணவர் இறந்ததிலிருந்து ஞாயிறு பூசைக்குத் தவிர அவர் எங்கள் பேட்டையான சுவா சூ காங்கை விட்டு, ஏன், வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடும். என்ன நாடகம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் உங்களுக்காகத்தான் என்று சொன்னால் நிச்சயம் வரமாட்டார். அதனால் மாதா கோயிலில் எங்களோடு பாடும் மூன்று பெண்களையும் சேர்த்து ஒரு மலையேறும் குழு தொடங்கினேன். தலைவி நானே. தேர்தல் எதுவும் வைக்கவில்லை.

அதுவரை நான் ஏறிய பெரிய உயரம், மின்தூக்கி பழுதான அன்று எங்கள் வீட்டு மாடி. இருந்தாலும் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய முதுகுப்பை வாங்கினேன். தினமும் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பினேன். குரங்கைக் கண்டால் கண்ணைப் பார்க்காதீர்கள். பாம்பைக் கண்டால் ஓடாதீர்கள். இடி இடித்தால் மரத்தடியில் நிற்காதீர்கள். குடை வேண்டாம், மழைக்கோட்டு நான் கொண்டுவருகிறேன்.

என் கணவர் இதையெல்லாம் படித்துவிட்டு, "நீ அவங்கள வரச் சொல்றியா, வராதீங்கன்னு சொல்றியா?" என்றார். தலைமைப் பொறுப்பு பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒவ்வொரு செய்தியாக வந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருடைய பேரனுக்குக் காய்ச்சல். மூன்றாமவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "ராத்திரி பூரா பாம்புக் கனவு லா. நான் வரல."

அக்காவும் வரமாட்டார் என்றே நினைத்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மின்தூக்கி திறந்தது. கையில் குடையோடு அக்கா வந்தார். குடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வழியில் பேசுவதற்குக்கூட விஷயங்கள் தயார் செய்திருந்தேன், அவருடைய கணவர் பேச்சே வராத விஷயங்களாகப் பார்த்து. ஒன்றையும் பேச முடியவில்லை. முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு இரைத்தது. பாதி வழியில், ஒரு படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வராமல் பையைக் கை காட்டினேன்.

தண்ணீர் எடுக்க அக்கா பையைத் திறந்தார். முதலில் வந்தது கயிறு. பிறகு விசில், ஐந்து மழைக்கோட்டு, இரண்டு டார்ச் லைட்.

"பட்டப்பகல்ல ரெண்டு டார்ச்சா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அவரும் இப்படித்தான் மா. பாலம் தாண்டி ஜொகூர்ல சாப்பிட்டுட்டு வர ரெண்டு பெட்டி கட்டுவாரு."

சொன்னவர் அப்படியே அழத் தொடங்கினார். பாம்புக்கும் குரங்குக்கும் இடிக்கும் வழி சொன்ன எனக்கு, இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேசாமல் வீட்டிலேயே விட்டிருக்கலாம், நன்றாக இருந்தவரை இழுத்து வந்து அழவைத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களைக் கடந்து போன ஒரு சீன முதியவர், நான்தான் அழுகிறேன் என்று நினைத்து என்னிடம் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினார். நான் இருந்த கோலம் அப்படி.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கீழ போயிரலாமா அக்கா?" என்றேன். போய்விடலாம் என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது.

"நீ உக்காந்திரு மா. நான் மட்டும் மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

போயேவிட்டார். வளைவில் திரும்பும்வரை ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வரமாட்டார் என்று யாருக்காக ஊரைக் கூட்டினேனோ, அவர் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பைக்குக் காவல் இருந்தேன்.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"மேல ஒண்ணுமே இல்ல லா. ஒரு பாறைதான் இருக்கு," என்றார். பிறகு, "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. விரல்களை நீட்டி ஏழு என்று காட்டினேன்.