திரும்பக் கூடாது என்றேன்

மலேசியாவின் காஜாங்கில் முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். எதையும் ஏன் என்று கேளுங்கள் என்று பிள்ளைகளை விரட்டியவள். ஆனால் புறப்பட்ட பிறகு பாதி வழியில் திரும்பினால் காரியம் விளங்காது என்று எங்கள் வீட்டில் சொன்னதை மட்டும் நான் ஏன் என்று கேட்டதே இல்லை.

என் தம்பி தெலுக் பங்லிமா காராங்கில் இருந்தான். ஞாயிறுதோறும் காரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். தொழிற்சாலைகளைத் தாண்டினால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம், கல்லும் செம்மண்ணுமான பாதை. அதற்கென்றே இருவரும் தடித்த டயர் சைக்கிள் வாங்கியிருந்தோம். முந்தைய வருஷம்தான் அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக ஓட்டலாம், ஆனால் வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அன்று தெருமுனையிலேயே அவன் பிரேக் பிடித்தான்.

“அக்கா, மாத்திர பவுச்ச வீட்லயே வச்சிட்டேன். ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடவா?”

“டேய், நாளைக்கு ஒனக்கு ஆஸ்பத்திரில செக்கப். இன்னைக்குப் பார்த்து கிளம்பினவன் திரும்புறதா? மனசு கேக்கலடா. ரெண்டு மணி நேரந்தானே, பேசாம வா லா.”

“பெரிய சயின்ஸ் டீச்சர்!” என்று சிரித்தான். ஆனால் திரும்பவில்லை. என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது.

தோட்டத்துக்குள் காற்றே இல்லை. வெட்டிக் குவித்த மட்டைகள் அழுகும் வாடை தொண்டையை அடைத்தது. பாதையோர வாய்க்காலில் கறுத்த தண்ணீர் அசையாமல் நின்றது. வாரம் தவறாமல் எங்களைத் துரத்தும் நாய்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. வாய் ஓயாத தம்பி, நான் கியர் மாற்றுவதைக் கிண்டல் செய்யாமல் மூச்சை எண்ணுபவன் போல மிதித்துக்கொண்டிருந்தான். வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல எத்தனை முறை வாயெடுத்தேன்! பாவி, சொல்லவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், லைன் இல்லை.

செம்பனை முடிந்து, பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் காடாய் மண்டிய இடம் வந்தது. பகல் ஒன்பது மணிக்கே அங்கே மங்கலாக இருந்தது. பின்னால் சரளைக்கல் உரசும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“அக்கா, கையெல்லாம் மரத்துப் போவுது.”

ஐயோ என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு, லைன் கிடைக்கும் இடம் தேடி மிதித்தேன். குலை வெட்டப் போன ஓர் இந்தோனேசியத் தொழிலாளி மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். அவர்தான் தோட்டத்து லோரியை வரவழைத்து அவனைத் தூக்கிப் போட்டார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் அது கனத்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், தம்பி மனைவி என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணி, நாந்தான் அவரைக் கொன்னுட்டேன். நீங்க வீட்டு கேட்டைத் தாண்டினப்பவே மாத்திரையப் பார்த்துட்டேன். போறவங்கள பின்னாலருந்து கூப்பிடக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். அப்புறம் போன் அடிச்சேன், போகல. ஒரு தடவ கூப்பிட்டிருந்தா அவர் வந்து எடுத்திருப்பாரு, இல்ல?”

அவன் எடுக்க வரத்தான் பார்த்தான், நான்தான் தடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தெருமுனையில் நடந்தது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவன் போய்விட்டான்.

“அழாத மா, ஒன் தப்பு இல்ல” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லவங்க அண்ணி” என்று அழுதாள்.