துளை போட்ட நாக்கும் ஒரு பேரல் ஏலும்

1. பர்மிஷன்

"உன் நாக்குக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குது மேன். அதுல ஓட்டை போட யார்கிட்ட பர்மிஷன் கேட்ட?"

மெல்வின் சாப் கத்திய கத்தலில் கிளப் ஹாலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த கிளார்க்குகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவர் போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மரக் கம்பெனியின் இன்ஜினியர். குன்னூர்க்கார ஆங்கிலோ இந்தியர். அதற்கு முன்பு நீலகிரியில் ஒரு பீர் கம்பெனியில் இருந்தவர். நானும் அங்கேதான் பேரல் கழுவினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். வாய் ருசி நன்றாக இருக்கிறது என்று என்னை டேஸ்டிங்குக்கு வைத்துக்கொண்டார். அந்தமானுக்கு வந்தபோது கூடவே கூட்டிவந்தார்.

கல்கத்தா கப்பல் நினைத்தால்தான் வரும். அதில் வரும் பீர் பாட்டில்கள் வெயிலில் வெந்து, நுரை செத்துப் போயிருக்கும். அதனால் கம்பெனி லைசென்ஸ் வாங்கி, கிளப்புக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டது. முளைகட்டி வறுத்த பார்லி மால்ட்டும், கசப்புக்குக் காய்ந்த ஹாப்ஸ் பூவும் கப்பலில் வரும். சாப் காய்ச்சுவார். நான் பேரல்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி, ஓடைத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பேன். இந்த ஊர்ச் சூட்டில் சாக்கு காய்ந்தால் சரக்கு புளித்துவிடும். அவர் காய்ச்சியது மஞ்சளாய்ச் சலசலக்கும் பீர் இல்லை. ஏல் என்பார். செம்மரத் தூள் நிறம். கனம். ஒரு கிளாஸிலேயே ஆளை உட்காரவைக்கும்.

அதைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் நுரை கிளாஸில் ஒட்டி இறங்குகிறதா என்று கண். பிறகு மூக்கு. நல்ல மால்ட் என்றால் வறுத்த கேழ்வரகும் கருப்பட்டியும் கலந்த வாசனை அடிக்கும். அதற்கு மேலே ஹாப்ஸ், நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினாற்போல. அப்புறம்தான் நாக்கு. கடைசியில் ஒரே ஒரு வாய் விழுங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முருகா என்று சொல்லித்தான் விழுங்குவேன். அதற்கு மேல் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

அந்த வருஷம் என் மகள் வள்ளிக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டேன். பிள்ளையைக் கொடு முருகா, பங்குனி உத்திரத்துக்கு நாக்கில் அலகு குத்தி உன் வாசலுக்கு வருகிறேன் என்று. என்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்தது அந்த நாக்குதான். வள்ளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அந்த வேண்டுதலைச் சொல்லப் போனபோதுதான் சாப் அப்படிக் கத்தினார்.

"கன்னத்துல குத்திக்கோ மேன்! கன்னம் சும்மாதானே இருக்கு?" என்றார் சாப்.

"வேண்டினது நாக்கு, சாப்."

"உத்திரம் முடிஞ்ச வாரமே ஷிப். டைரக்டர் வர்றார். பேரலை யார் டேஸ்ட் பண்றது, உன் முருகனா?"

"அவர் குடிக்க மாட்டார் சாப். நான்தான் பண்ணுவேன்."

"டேஸ்ட் சரியில்லேன்னா உன்க்கு இங்கே வேலை இல்லே. பஸ், அவ்ளோதான்!"

2. மேஸ்திரி

சாப் ஒரு பக்கம் என்றால் சுப்பையா மேஸ்திரி மறுபக்கம். ராமநாதபுரத்துக்காரர். மர யார்டுக்கே மேஸ்திரி. கம்பெனியின் மர மில்லில் வேலை செய்த தமிழர்கள் படாக் மரப் பலகையும் தகரமும் போட்டு எழுப்பிய முருகன் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். அலகு குத்தத் தெரிந்த கையும் அவர் ஒருவர் கைதான்.

"குடிக்கிறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"ஒரு வாய் முழுங்குறேன் மேஸ்திரி."

"துப்ப வேண்டியதுதானய்யா?"

"துப்பினா கசப்பு தெரியாது. அது அடித்தொண்டையிலதான் உக்காரும். துப்பிட்டு நல்லாருக்குன்னு சொன்னா பொய்ச்சாட்சி மாதிரி."

"கள்ளுக்கடைக்காரன்கூட இம்புட்டு நியாயம் பேச மாட்டான்! அந்த நாக்குல முருகன் வேலக் குத்தவா? வேலைய விட்டுர்றேன்னு சன்னதியில சத்தியம் பண்ணு, குத்துறேன்."

"அந்த நாக்குதான் எம் பிள்ளைக்குச் சோறு போடுது. சாமிக்குன்னு வேற நாக்க எங்க போயி வாங்கிட்டு வர? பண்ண மாட்டேன்."

வீட்டில் என் மனைவி சரசு, "சத்தியம் பண்ணிருங்க. பொறவு பாத்துக்கலாம்" என்றாள்.

"முருகனையே ஏமாத்தச் சொல்றியா?" என்றேன். எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அவளும் என்னோடு விரதம் இருந்தாள். நல்லவேளையாக அந்த நாட்களில் பேரல் மூடிக் கிடந்தது. எனக்குச் சாக்கு நனைக்கும் வேலை மட்டும்தான்.

3. வரிசை

உத்திரத்தன்று கடலில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. மேஸ்திரி கையில் வெள்ளி வேல். நான் நாக்கை நீட்டினேன்.

"வேலைய விட்டுர்றேன்னு சொல்லு" என்றார்.

பதில் சொல்ல வேண்டுமென்றால் நாக்கை உள்ளே இழுக்க வேண்டும். நான் இழுக்கவில்லை.

"சொல்லுய்யா!"

அப்படியே நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நெருக்கியது. மேளக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்து என்னையே பார்த்தார். திருவிழா பார்க்க வந்த பெங்காலிக்காரர் ஒருவர், "அரே, க்யா ஹுவா?" என்று பக்கத்தில் விசாரித்தார். வள்ளி, அம்மா இடுப்பிலிருந்து, "அப்பா ஏன் அழகு காட்டுது?" என்றாள். சிலர் சிரித்தார்கள். எச்சில் தாடையில் வழிந்து நெஞ்சில் சொட்டியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

மேஸ்திரி என் முகத்தருகே வந்து, "ஊது" என்றார். ஊதினேன். விரதம் இருந்த வாயில் என்ன வாசனை வரும்? பசி வாசனைதான்.

அவர் வள்ளியைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒன்னையச் சாமி பாத்துக்கிரட்டும்" என்று முணுமுணுத்து, திருநீற்றை அள்ளி நாக்கில் வைத்து, வேலை இறக்கினார். வலித்ததா என்று இப்போதும் கேட்கிறார்கள். அரோகரா என்று கூட்டம் சொன்னது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

4. பேரல்

நாலைந்து நாளில் துளை மூடத் தொடங்கியது. கப்பலும் வந்தது. பேரலைத் திறந்தோம்.

நிறம் சரி. நுரை சரி. மூக்கில் கருப்பட்டியும் நார்த்தங்காயும் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, நறுக்கின பூசணி வாசனை. முருகா என்று ஒரு வாய் எடுத்தேன். காயத்தில் ஹாப்ஸ் பட்டதும் கண்ணில் நீர் வந்து, விழுங்காமல் துப்பிவிட்டேன். எரிச்சல் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு வாய் எடுத்து விழுங்கினேன். இனிப்பும் கசப்பும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றன.

"பச்சையா இருக்கு சாப். ஈஸ்ட் இன்னும் வேலைய முடிக்கல. பத்து நாள் பொறுக்கணும்."

"அது ரத்த டேஸ்ட் மேன்! உன் நாக்கு போச்சு!" அவர் குடித்துப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ். டைரக்டர் கேட்டா நல்லாருக்குன்னு சொல்றே. தட்ஸ் ஆல்."

டைரக்டர் இரண்டு கிளாஸ் குடித்தார். அற்புதம் என்று சாப் முதுகில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டை போட்ட ஆள் இவன்தானா? ஜீப் திகாவ்" என்றார். நாக்கைக் காட்டு என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மாஃப் கரோ சாப். அது சாமிக்கு நீட்டினது" என்றேன்.

டைரக்டர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். "சரி, சரக்கு எப்படி?" என்றார்.

மெல்வின் சாப் கண்ணாலேயே கெஞ்சினார். அவர் என் அன்னதாதா. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"கச்சா ஹை சாப். இன்னும் பச்சை."

டைரக்டர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்றாவது கிளாஸ் கேட்டார். நான் சொன்னதுதான் சரி என்று அன்று யாரும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. மீதியையும் அந்த வாரமே குடித்துத் தீர்த்துவிட்டார்கள். பத்து நாள் பொறுத்திருந்தால் அந்த ஏல் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

5. யார்டு

மறுவாரம் என்னை மர யார்டுக்கு மாற்றினார்கள். டேஸ்டிங்குக்கென்று சம்பளத்தோடு தந்த படி போனது. மரத்தை அளக்கும் வேலை. மேஸ்திரி என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தார்.

"கடைசியில விட்டுட்டேல்ல அந்த வேலைய? சாமி விட வச்சுட்டாரு பாத்தியா!"

"நான் விடல மேஸ்திரி. அவங்கதான் என்னைய விட்டாங்க. கூப்பிட்டா நாளைக்கே போவேன்."

அவர் சிரிப்பு நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, அளக்கும் டேப்பின் ஒரு முனையை என்னிடம் எறிந்தார். "புடி. இழுத்துப் புடி. மரத்துலயாவது ஏடாகூடம் பண்ணாம இரு."

அவர்கள் கூப்பிடவே இல்லை. ரிட்டயர் ஆகும்வரை மரம்தான் அளந்தேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலாளி உங்கள் கையைக் கேட்பார், கண்ணைக் கேட்பார், நாக்கையும் கேட்பார். சம்பளம் வாங்குகிறீர்கள், முழு மனதோடு கொடுங்கள். கண்ணும் நாக்கும் கண்டதை மாற்றிச் சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கைக் கொடுக்காதீர்கள். படி போகும். போகட்டும்.