ரேடியோ வழக்கில் பெரிய அத்தையின் தீர்ப்பு

என் மகன் வாங்கியிருக்கும் பாட்டுக் கேட்கும் கருவியின் விலையை என்னிடம் சொல்வதில்லை. பாடுகிறவர் கூடத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் அத்தனை இயற்கையாக இருக்கிறதாம். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த வழக்கு நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது.

திண்டிவனத்தில் எங்களிடம் இருந்தது தேக்குப் பெட்டிக்குள் வால்வு வைத்த ரேடியோ. சூடேறிப் பாட ஒரு நிமிஷம் ஆகும். பாடத் தொடங்கினால் மேஜையும் சேர்ந்து அதிரும். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்த பெரிய அத்தை, மாலையானால் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அப்பா அதைத் திமிர் என்பார்.

அம்மாவின் தம்பிக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. அந்த மாமா ஒரு நாள் புது டிரான்சிஸ்டரோடு வந்தார். பழையதை விக்கிரவாண்டி டீக்கடைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிடலாம் என்றார்.

"ஆளு எதிர்ல நின்னு பாடிக்கினு இருக்கிற மாதிரி இருக்குதுக்கா."

அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டப்பாவுல பாடறதெல்லாம் ஒரு பாட்டா? என் பொட்டிய எவனும் தொடக் கூடாது."

அப்பா பரீட்சை வைத்தார். மேஜைக்கு முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். எது பாடுகிறது என்று அத்தை சொல்ல வேண்டும். தவறினால் பழையது டீக்கடைக்கு. திரைக்குப் பின்னால் ரேடியோவைத் திருக நான், மடியில் டிரான்சிஸ்டரோடு மாமா. அத்தை மேஜையோரம் கைவைத்து வெளியே உட்கார்ந்தாள்.

முதலில் பழையதன் சத்தத்தைக் கூட்டினேன். "நம்ம பொட்டி" என்றாள் உடனே.

அதைத் தணித்தேன். மாமா தன்னுடையதைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தெருவுக்கே கேட்கும்படி அது பாடிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டாள்:

"இன்னாடி, இன்னும் போடலியா?"

வீடே சிரித்தது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போட்டாச்சுக்கா, பாடுதுக்கா" என்று மாமா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. டிரான்சிஸ்டர் மறுநாளே பைக்குள் போய் விழுப்புரம் ரயிலேறியது. தேக்குப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அத்தையின் கிண்டலைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அது கிண்டல் இல்லை. அவளுக்குக் காது எப்போதோ போயிருந்தது. மிச்சமிருந்த பாட்டெல்லாம் அந்த மேஜையின் அதிர்வில்தான் வந்துகொண்டிருந்தது. சாகும்வரை அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது அவள் போன பிறகுதான். இப்போதும் சொல்கிறேன், அவள் தீர்ப்பில் தப்பே இல்லை.

அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது திரையோரமாக அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை மேஜைமேல் அங்கும் இங்கும் நகர்ந்து எதையோ தேடியது. விசிறியைத் தேடுகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி விசிறிக்கொண்டாள்.