ஃப்ளோரா டீச்சர் வைத்த ஒருசந்தி

சாந்தோமில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஃப்ளோரா டீச்சரை, மகன் கிளிஃபர்ட் ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து வீடியோ காலில் கூப்பிடுவான். "நல்லா இருக்கியாம்மா?" என்று ஒரு வார்த்தை. பதில் முடிவதற்குள், "தொட்டிப் பக்கம் ஃபோனைத் திருப்பும்மா" என்பான். மிச்ச இருபது நிமிஷமும் நியூட்டுகளோடுதான்.

நியூட் என்றால் பல்லி ஜாடையில், வயிறு மட்டும் ஆரஞ்சு நிறமாக, தண்ணீரில் கிடக்கிற பிராணி. படிக்கப் போனவன் மூன்றைத் தொட்டியோடு அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனான். முதலில் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தீனி போட்டார். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, "அப்போ தொட்டி அங்க இல்லையா? சரி, அடுத்த வாரம் பேசலாம்மா" என்று அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு டீச்சர் அதுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார். அதுகள் போனால் அந்த இருபது நிமிஷமும் போய்விடும். இது பெற்றவளுக்குத் தெரியாதா என்ன?

மொத்தமாகப் புழுவைப் போட்டால் பெரியது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சின்னது குச்சியாய் மெலிந்துபோனது. அதனால் ஜனவரியில் கிளிஃபர்ட் தீனி போடும் முறையை மாற்றினான். திங்கள், புதன், வெள்ளி மட்டும். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, இடுக்கியால் ஊட்ட வேண்டும். டீச்சரும் ஊட்டினார். சின்னதுக்கு வயிறு வைத்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்ம்மா!" என்று கைதட்டினான்.

பிப்ரவரியில் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை டீச்சருக்கு ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு, இறைச்சி கையால் தொடுவதில்லை. இடுக்கியில் புழு நெளிந்தபோது மனசு கேட்கவில்லை. இறைச்சிதானே இதுவும்? வெள்ளிக்கிழமைப் பங்கைச் சனிக்குத் தள்ளிவிட்டார்.

வாசலில் மீன் கொண்டுவரும் கோவிந்தம்மா கூடக் கேட்டாள். "இன்னா டீச்சர், நீ மட்டும் வஞ்சிரம் வாங்கிக்கினு போற, அதுங்களுக்குப் புழு கூடாதா? அதுங்க என்னா பாவம் பண்ணிச்சி?"

"மீன் வேற, இறைச்சி வேற, கோவிந்தம்மா" என்று டீச்சர் பாடம் நடத்தினார். நாற்பது வருஷம் நடத்திய வாய், சும்மா இருக்குமா!

சனிக்கிழமையோ கோயிலில் பீடத்தைத் துடைத்துத் துணி மாற்றும் வேலை. கிண்ணம், இடுக்கி என்று உட்கார நேரம் ஏது? மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டு ஓடினார். புதன் முதல் பட்டினி கிடந்த மூன்றும் ஒரே குவியலில் பாய்ந்தன. மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வந்து பார்த்தால், சின்னதுக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. புழு என்று நினைத்துப் பெரியது கடித்துவிட்டது.

அன்றைக்கே மகனிடம் சொல்லியிருந்தால் மற்ற இரண்டையாவது காப்பாற்றியிருக்கலாம். டீச்சருக்கு வாய் வரவில்லை. "சின்னவன் இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்பா" என்றே ஞாயிறுதோறும் சமாளித்தார். மறுவாரம் கடிபட்ட இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. மார்ச் வெயிலில் தண்ணீர் சூடேறியது. ஐஸ் பாட்டிலைப் போட்டுப் பார்த்தார், நவநாள் ஜெபம் சொல்லிப் பார்த்தார். சின்னது செத்தது. தின்னாமல் கிடந்த புழு அழுகி, நாற்றமெடுத்த தண்ணீரில் மற்ற இரண்டும் சுருண்டன. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று கடைசியாகப் பெரியதும் போய்விட்டது. ஐயோ, டீச்சர் அழுத அழுகை!

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் ஃபோன் அடித்தது. "தொட்டியைக் காட்டும்மா" என்றான். டீச்சர் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு, ஒருசந்தி முதல் பொய் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார். பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படி ஒன்று விடாமல் சொன்னதில்லை.

கிளிஃபர்ட் சமாதானப்படுத்தினான்.

"அழாதம்மா. விடு. இந்த வெயில்ல நீயும் எவ்வளவுதான் பண்ணுவ? உனக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை எனக்காக ஃபோனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேணாம். ஜெனிதா அத்தை வீட்டுக்கு எங்கயாச்சும் போய்ட்டு வா."

"சரிப்பா" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தாலாவது, தணிந்ததும் கூப்பிடுவான் என்று காத்திருக்கலாம். அவன் பிரியமாகத்தான் சொன்னான்.