இருபத்தேழு அங்குலம்

நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் கம்ப்யூட்டரில் வண்டி ஓட்ட ஆசைப்பட்டால் பெண்டாட்டி சிரிக்காமல் என்ன செய்வாள்? "ஓட்டினது பத்தலையாங்க?" என்று அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் டிரைவர் பக்கமும் நியாயம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவர் ஓட்டியது அதே பதினோரு கிலோமீட்டர்தான். அதே பதினான்கு நிறுத்தம், அதே வேகத்தடைகள். மலைப்பாதை, பனி கொட்டுகிற ரோடு, கடலோர வளைவு என்று ஒன்றையும் பார்க்காமலே ஸ்டியரிங்கை விட்டு இறங்குவதா என்ற ஆதங்கம் அவருக்கு. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு ஆசை முளைத்ததைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்கு மனசு வரவில்லை.

ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர் கைக்கு எட்டாது. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, கடைத்தெரு மாடியில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார். முப்பது வயது இருக்கும். கறார் பேர்வழி. இணையத்தில் பார்த்து அவர் எழுதிக் கொண்டுபோன பட்டியலை வாங்கி, பேனாவை எடுத்துப் பாதியை அடித்துவிட்டாள்.

"லைட்டு மின்னுற கேபினெட் எதுக்குண்ணே? கல்யாண ஊர்வலமா போகப்போறீங்க? அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. படத்தை வரையறதே அதுதான்."

"பிராசசர்?"

"நடுத்தரம் போதும். பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணிடாதீங்க. அது போனா மத்த நாலையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்."

அவளை அவருக்குப் பிடித்துப் போயிற்று. எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைப் பற்றிப் பேசுகிற மெக்கானிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பது அவர் கட்சி. மாதம் ஒன்றாக மதர்போர்டு, பிராசசர், ரேம், பவர் சப்ளை, அவளே ஒரு வாரம் ஓட்டிச் சோதித்துக் கொடுத்த பழைய கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாம் 'டிரைவர் அண்ணன்' என்று எழுதிய அட்டைப்பெட்டியில் கடையின் மேல்தட்டிலேயே இருந்தன. மானிட்டர் ஒன்றுதான் பாக்கி.

அன்று மதியம் பஸ்ஸைக் கீழே ஓரமாக நிறுத்திவிட்டு மாடி ஏறினார். மூன்று மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். நேரம் நிறைய இருந்தது. இருபத்தேழு அங்குலம் எடுங்கள் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இவருக்கோ இருபத்திரண்டே போதும் என்று பட்டது.

"பெருசுன்னா தேடித் தேடிப் பாக்க வேண்டியிருக்கும்மா."

"வண்டி ஓட்டுற கேமுக்கு அகலம்தாண்ணே அழகு. சும்மா உக்காந்து ஓட்டிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

கடையில் ஸ்டியரிங்கோடு ஒரு கம்ப்யூட்டர் எப்போதும் தயாராக இருக்கும். அவர் உட்கார்ந்தார். திரையில் ஒரு நகரத்துச் சாலை, ஓட்டுவதற்கு ஒரு பஸ். மிதமான வேகம், சரியான கியர், வளைவுக்கு முன்பே சிக்னல். அவள் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தாள். ஒரு சந்திப்பைத் தாண்டும்போது டொம் என்று சத்தம் வந்து திரை குலுங்கியது.

"என்னது?"

"சைக்கிள்ணே. அடிச்சிட்டீங்க."

"திடீர்னு வந்தா என்ன பண்றது? கேம்ல ஏதோ கோளாறு."

நடந்ததைத் திரும்பக் காட்ட அவள் ரீப்ளே போட்டாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண், இடது பக்கத் தெருவிலிருந்து சைக்கிளில் வந்தாள். அவசரமே இல்லாமல், முழுசாக ஐந்து விநாடி திரையில் மிதித்துக்கொண்டு வந்தாள். பிறகுதான் பஸ் அவள் மேல் ஏறியது.

"அந்தப் பொண்ணு தெருவுல வர்ற இடத்துக்குத் திரும்பப் போய் நிறுத்தும்மா."

படம் நின்றது. அவர் சாலையின் நடுவைப் பார்த்தார். சாலை இருந்தது, சிக்னல் இருந்தது, பெண் இல்லை. தலையைத் திருப்பினார். இருந்தாள். மறுபடி நேரே பார்த்தார். இல்லை. அவள் இருந்த இடத்தில் கறுப்பாகவோ மங்கலாகவோ எதுவும் இல்லை. அங்கே வெறும் தெரு இருப்பதாகவே கண் சொன்னது. அதுதான் அவரைக் கிலி பிடிக்க வைத்தது.

வருஷா வருஷம் கண் பரிசோதனையில் சுவரில் மாட்டிய எழுத்தைக் கடைசி வரி வரை தங்கு தடையில்லாமல் வாசிக்கிறவர் அவர். நேரே இருப்பதை வாசிக்கச் சொல்கிறார்கள்; பக்கத்தில் இருப்பதை யார் கேட்கிறார்கள்? பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி இந்த வருஷம் இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் எதிராளியைத் திட்டினார். "இடது பக்கம் பாத்துச் சொல்லும்மா" என்று பஸ் ஆயாவிடம் எப்போதிலிருந்து கேட்க ஆரம்பித்தோம் என்று யோசித்தார். கண்ணாடி முதல் முறை உடைவதற்கும் முன்பிருந்தே. இப்போதெல்லாம் எவ்வளவு பொறுமையாக ஓட்டுகிறார் என்று பெற்றவர்கள் மெச்சியதைக் கேட்டுப் பூரித்தவரும் இவர்தான். அது பொறுமை இல்லை, தெரியாமல் தடவுவது.

மணி இரண்டே கால். மூன்று மணிக்குப் பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்று ஒரு நாள் மெதுவாக ஓட்டி முடித்துவிடலாம், நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று மனசு நைசாகப் பேரம் பேசியது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. இன்று வாயைத் திறந்தால் அவ்வளவுதான், சாவி கைக்குத் திரும்பாது. அவர் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். முதல் படியில் கால் வைத்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அங்கேயே நின்று, போனை எடுத்துப் பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"மேடம், ஸ்பேர் டிரைவரை கடைத்தெரு மாடியில இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்புங்க. வண்டி இங்கதான் நிக்குது."

"என்னாச்சு, ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல."

"விளையாடாதீங்க" என்றார் மேடம். "நிஜமாத்தான் மேடம்" என்று டிரைவர் சொன்ன குரலைக் கேட்டு, "சரி, அனுப்புறேன்" என்றார்.

ஸ்பேர் டிரைவர் அரை மணியில் ஓடி வந்தார். அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆறாவது நிறுத்தத்தில் இறங்குகிற இரட்டைப் பிள்ளைகள் வீட்டுக்குள் போகும் வரை கிளப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஜன்னல் வழியாக பஸ் திரும்பிப் போவதைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் தன் வண்டியை அவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பது இதுதான் முதல் முறை. அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள். மேல்தட்டைப் பார்த்துக்கொண்டே தயங்கினாள்.

"அந்தப் பெட்டியில உள்ளதை எல்லாம் நானே திருப்பி எடுத்துக்கறேண்ணே. முழுப் பணமும் தந்துடறேன்."

அவர் திரையைப் பார்த்தார். மஞ்சள் சட்டைப் பெண் இன்னும் பெடலில் கால் வைத்தபடி நின்றிருந்தாள்.

"இதுல அடிபட்டவங்க என்னம்மா ஆவாங்க?"

"மறுபடி ஆரம்பிச்சா எல்லாரும் அப்படியே இருப்பாங்கண்ணே."

"அப்ப அசெம்பிள் பண்ணிக் குடும்மா. சின்ன மானிட்டரே போதும். இனிமே எனக்கு ஓட்டறதுக்கு வேற இடம் இல்ல."