பேஸ்காரியின் பதில்

அவளை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. ஆனால் அவள் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சுண்டினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி பதில் சொல்லும்.

பகலில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. கம்பியை அழுத்த அதுவே வசதியாகவும் போயிற்று. மாலையானால் அண்ணனின் ராக் குழு. அண்ணன் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பான். இவள் பேஸ். டிரம்ஸ் அடிக்க வந்தவன் அடித்துக்கொண்டே இருந்து கடைசியில் இவளைக் கட்டிக்கொண்டு வீட்டு மாப்பிள்ளையாகிவிட்டான். “தாளம் தப்பாத சம்பந்தம்” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அவளுடைய பேஸ் இரண்டாம் கைச் சரக்கு. பிணக்கனம். கம்பிகள் மங்கிப்போனால் கழற்றிப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பாள். அழுக்கு போய்ச் சத்தம் பளிச்சென்று வரும். ஒருநாள் பசியோடு வந்து மூடியைத் திறந்த கணவன், “இன்னிக்கு நூடுல்ஸா?” என்று கரண்டியை விட்டுக் கிளறியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பழைய வால்வு ரகம். சூடேறும்வரை வாயைத் திறக்காது. அதன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பட்டறையில் மிஞ்சிய அரக்கு நிற ரெக்ஸினை அவளே தைத்துப் போட்டிருந்தாள். காலடியில் ஒரு பலகை, அதில் மிதித்துச் சத்தத்தை மாற்ற நான்கு பெடல்கள். சுருதி பார்க்க ஒன்று, சத்தத்தை மேடுபள்ளமில்லாமல் சமன்செய்ய ஒன்று, ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் காட்ட ஒன்று. நான்காவது ஓவர்டிரைவ். அதை மிதித்தால் பேஸ் உறுமும்.

அன்று ஒரு கல்லூரி அரங்கத்தில் கச்சேரி. மதியமே போய்ச் சாமான்களை இறக்கி, ஒயரெல்லாம் மாட்டி, சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சவுண்ட்காரர் மேடைக்கு வந்து அவளுடைய ஆம்ப் முன்னால் மைக்கை வைத்தபடி பேச்சுக் கொடுத்தார். ஊரில் பெயர்பெற்ற இன்னொரு குழுவுக்கும் அவர்தான் சவுண்டு.

“என்னம்மா, அவங்க அவ்வளவு ஆசையா உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. வரலைன்னு பட்டுனு சொல்லிட்டீங்களே?”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “யாருண்ணே சொன்னது?”

“உன் வீட்டுக்காரர்தான். போன்ல. உனக்கும் இஷ்டமில்லைன்னாராமே.”

அந்தக் குழுவின் பாடல்களை பஸ்ஸில் போகும்போதெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு, அவர்களுடைய பேஸ் வரியை மடியில் விரலால் வாசித்துப் பார்ப்பவள் அவள். அது வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

“ஆமாண்ணே, தோதுப்படலை” என்று சொல்லிவிட்டு, குனிந்து சரியாக இருந்த ஒயரையே மறுபடி சரிசெய்தாள். வெளி மனிதரிடம் வீட்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் அண்ணன் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். நேராகப் போய்க் கேட்டாள். “அண்ணா, எங்களை அந்தக் குழுவுல கூப்பிட்டது உனக்குத் தெரியுமா?”

அண்ணன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. “மாப்பிள்ளை சொன்னாரு. நீ எப்படியும் என்னை விட்டுட்டுப் போகமாட்டேன்னு…”

“போவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டீங்களா?”

“இப்ப எதுக்கு இது? இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை ஏறணும்.”

கதவைத் திறந்துகொண்டு கணவன் உள்ளே வந்தான். இரண்டு முகத்தையும் பார்த்தவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. டிரம்ஸ் குச்சிகளைக் கையில் உருட்டியபடி நின்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு, தோள் படாமல் வெளியே போனாள்.

அரங்கம் நிறைந்தது. முதல் மூன்று பாட்டும் எப்படி ஓடின என்று அவளுக்கே தெரியாது. பேஸும் டிரம்ஸும் ஒரே மூச்சில் போனால்தான் ராக் பாட்டுக்கு இடுப்பு நிற்கும். மற்ற நாட்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவனைத் திரும்பிப் பார்ப்பாள். அன்று முதுகைத்தான் காட்டினாள். அவன் அடிக்கு இவள் விரல் மயிரிழை முந்திக்கொண்டே போயிற்று. சண்டைக்குப் போகிறவள் நடை போல. அண்ணன் பாடிக்கொண்டே கண்ணால் கெஞ்சினான்.

நான்காவது பாட்டின் நடுவில் ஓவர்டிரைவை மிதித்தாள். உறுமலுக்குப் பதில் ஒன்றுமே வரவில்லை. குனிந்து பார்த்தால் பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. பெடல்களுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் உயிரைவிட்டிருந்தது. அந்தச் சமன்பெடல் கரண்ட் இல்லாமல் சத்தத்தை உள்ளேயே விழுங்கிவிடும் ரகம். பாட்டு அடிவயிறு காலியாகி, தகர டப்பா போலக் கிணுகிணுத்தது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அவள் மண்டியிட்டாள். பின்னால் டிரம்ஸ் மாறுவது கேட்டது. அவன் சிம்பல் தட்டுகளையெல்லாம் விட்டுவிட்டான். காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் தரையில் நின்று முழங்கும் பெரிய டாமும் மட்டும். பேஸ் இருக்க வேண்டிய பள்ளத்தை அவன் ஒருவனே நிரப்பி, அவளுக்காக இடம்பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் பாட்டை நிறுத்தி, கூட்டத்தைக் கைதட்ட வைத்தான்.

பலகையைக் காலால் ஒதுக்கினாள். ஆம்ப் சத்தத்தை இறக்கி, பேஸிலிருந்து ஒயரை நேராக ஆம்புக்குள் செருகி, மறுபடி ஏற்றினாள். எல்லாம் தயார். உடனே நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. எழுந்து நின்று, அன்று மாலை முதல்முறையாகக் கணவனைப் பார்த்தாள். அவன் வியர்த்துக் கொட்டினான். புருவத்தை உயர்த்தி ‘வா’ என்றான். கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு சும்மாவே நின்றாள். தாளம் ஒரு சுற்று முடிந்து இன்னொரு சுற்றும் போயிற்று. அவன் முகத்தில் பயம் தெரிந்தது. இறங்கிப் போய்விடுவாளோ என்ற பயம்.

அது அவனுக்கு நன்றாக உறைத்தபிறகுதான் கம்பியைச் சுண்டினாள். பூச்சு எதுவுமில்லாத வெறும் பேஸ். அரங்கத் தரை அதிர்ந்தது. கூட்டம் ஹோவென்று எழுந்தது.

கச்சேரி முடிந்து வேன் அருகே ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கும்போது கணவன் வாயைத் திறந்தான். “தப்புத்தான். மச்சான் தனியா நிப்பாரேன்னு தோணுச்சு. கேட்டா நீ போலாம்னு சொல்லிடுவேன்னு பயம்.”

“அப்போ என் பதில் என்னன்னு உனக்குத் தெரியும்.”

அவன் பெட்டியை வேனுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

“தெரிஞ்சேதான் எனக்குப் பதிலா நீ வேண்டாம்னு சொன்ன. அதைத்தான் தாங்க முடியலை.”

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குழுவின் பாடகிக்குப் போன் போட்டாள். டிரம்மர் கிடைத்துவிட்டானாம், பேஸுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். “உங்களுக்கு இஷ்டமில்லைன்னு சொன்னாங்களே?” என்றாள் பாடகி. “என்னைக் கேட்டுட்டுச் சொல்லலை. இப்ப நானே சொல்றேன், வரேன்” என்றாள்.

அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். “கூடப் பொறந்தவளே குழி பறிச்சிட்டா” என்று ஊரெல்லாம் சொன்னான். பிறகு புது பேஸ்காரன் ஒருவன் அமைந்ததும் கோபம் பாதியாயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. கணவன் மச்சானோடேயே இருந்துவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு குழு, இரண்டு ஒத்திகை. வேறொருவன் அடிக்கும் தாளத்துக்கு அவள் வாசிப்பதை முதல்முறை கூட்டத்தில் நின்று கேட்டபோது அவனுக்கு நெஞ்சை அடைத்ததாம். அவளுக்கும் அந்தப் புது டிரம்மரைத் திரும்பிப் பார்க்கப் பழகச் சில மாதம் ஆயிற்று.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அவளைக் கேட்கிறான். “டீ போடவா, வேணாமா? உன் இஷ்டம் எப்படி?”

“அதையெல்லாம் கேக்காத” என்கிறாள். “போடு.”